போட்டோ ஒன்றுதான் வேண்டும்; பீரோ சாவி எதற்கு?

புதிதாக ஒரு ஆப்பை இன்ஸ்டால் செய்ததும் அது முதல் வேலையாக ஒரு பெட்டியைக் காட்டும். "படம் எடுக்கவும் வீடியோ பதிவு செய்யவும் அனுமதிக்கவா?" அதை அமுக்கினால் பின்னாலேயே இன்னொன்று வரும். "போனில் உள்ள படங்கள், மீடியா, ஃபைல்களைப் பார்க்க அனுமதிக்கவா?" படித்துவிட்டு அமுக்குபவர்கள் ரொம்பக் குறைவு. ஆப் வேலை செய்தால் போதும், டக் டக்கென்று 'அனுமதி', 'அனுமதி'. முடிந்தது கதை.

போன் வைத்திருப்பவர்களுக்கு இதைப் பற்றி அறிவுரை சொல்லும் கட்டுரைகள் ஏராளம். வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளும் உண்டு. ஆனால் அந்தப் பெட்டி தானாக வருவதில்லை, யாரோ ஒருவர் ஆப் எழுதும்போது வரவழைத்ததால்தான் வருகிறது. அந்த யாரோ ஒருவரின் பக்கத்தில் இருந்து பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. ஆண்ட்ராய்டு படித்துக் கொண்டிருக்கும் கிளாஸ்மேட்டுகளுக்கு நேரடியாக உதவும். மற்றவர்கள் பயப்பட வேண்டாம், கோட் எதுவும் கிடையாது :-)

சோமனூரில் ஒரு ஆப்

கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவே ரயில் பாதையில் இருக்கிறது சோமனூர். ஊருக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம். இந்தப் பகுதித் தறிக்காரர்களில் பெரும்பாலானோர் கூலிக்கு நெய்பவர்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் காடா துணியாக நெய்து திருப்பிக் கொடுப்பார். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியை உயர்த்தச் சொல்லி 2022லும் 2025லும் நடந்த வேலைநிறுத்தங்களைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

இப்படி ஒரு தறிக்காரரின் பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், சோமனூர்ப் பையன் என்றே இருக்கட்டும். ப்ராஜெக்ட்டுக்கு வழக்கமான நூலக மேலாண்மை, மாணவர் வருகைப் பதிவு எல்லாம் வேண்டாம், வீட்டுக்கு உதவுகிற மாதிரி ஒன்று செய்யலாம் என்று யோசிக்கிறான். நல்ல விஷயம்தான்.

அவன் யோசனை இது. துணி வீட்டை விட்டுப் போகும்போது பீஸை ஒரு போட்டோ எடுத்து வைப்பது. கூடவே டெலிவரி சீட்டையும் ஒரு போட்டோ. இழை அறுந்திருக்கிறது, ஊடை விட்டுப்போயிருக்கிறது, எண்ணெய்க் கறை இருக்கிறது என்று பிறகு பேச்சு வந்தால், எந்தத் தேதியில் எப்படி அனுப்பினோம் என்று காட்ட ஒரு ஆதாரம் கையில் இருக்கும். கூலியில் கழிப்பு என்று வரும்போது இருபது ரூபாய் ஐம்பது ரூபாய்கூட தறிக்காரருக்குக் கணக்குத்தான்.

ஆக ஆப்புக்குத் தேவை இரண்டே வேலை. ஒரு படம் எடுக்க வேண்டும். எடுத்த படத்தைத் தொலையாமல் வைக்க வேண்டும்.

காப்பி அடித்த மூன்று வரி

கூகுளில் தேடினால் முதலில் வருகிற பழைய டுடோரியலைத் திறக்கிறான். ஆப்பின் மேனிஃபெஸ்ட் ஃபைலில் மூன்று வரி சேர்க்கச் சொல்கிறது. கேமரா அனுமதி, வெளி ஸ்டோரேஜைப் படிக்க அனுமதி, வெளி ஸ்டோரேஜில் எழுத அனுமதி. காப்பி, பேஸ்ட். ஆப் ஓடுகிறது. சந்தோஷம்.

அந்த மூன்று வரிக்கு என்ன அர்த்தம்? 'வெளி ஸ்டோரேஜ்' என்ற பெயரைப் பார்த்துப் பலரும் மெமரி கார்டு என்று நினைக்கிறார்கள். இல்லை. போனுக்குள்ளேயே எல்லா ஆப்புக்கும் பொதுவாக இருக்கும் இடத்துக்குத்தான் அந்தப் பெயர். கேமராவில் எடுத்த படங்கள், டவுன்லோடு செய்த ஃபைல்கள் எல்லாம் அங்கே. பழைய ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்பில் வந்த படங்களும் அங்கேயேதான் கிடந்தன. ஸ்டோரேஜ் அனுமதி வாங்கிய எந்த ஆப்பும் அத்தனையையும் பார்க்கலாம், அழிக்கலாம், வேறு எங்காவது அனுப்பலாம். பீஸ் போட்டோ ஒன்றைச் சேமிக்க வந்த ஆப்புக்கு வீட்டுக் கல்யாணப் படம், ஆதார் கார்டு, பேங்க் பாஸ்புக், பிள்ளைகள் படம் எல்லாம் திறந்து கிடக்கும். ஒரு சட்டையை மாட்டி வைக்க இடம் கேட்டவருக்கு பீரோ சாவியையே கொடுத்த கதை.

இதிலும் ஒரு சரித்திரம் உண்டு. 2015ல் ஆண்ட்ராய்டு 6 வரும் வரை இந்தப் பெட்டிகூடக் கிடையாது. இன்ஸ்டால் செய்யும்போதே நீளமாக ஒரு பட்டியல் வரும். மொத்தமாக ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஆப்பே கிடையாது. ஆண்ட்ராய்டு 6ல்தான் ஆப் ஓடும்போது ஒவ்வொன்றாகக் கேட்கும் முறை வந்தது. அப்போதும் ஸ்டோரேஜ் என்றால் முழு ஸ்டோரேஜ்தான். கொஞ்சம் கொடு, மீதியை மூடு என்பதற்கு வழி இல்லை.

அப்பா கேட்ட கேள்வி

பையன் ஆப்பை அப்பா போனில் போட்டுக் கொடுக்கிறான். இரண்டாவது பெட்டி வந்ததும் அவர் நிறுத்துகிறார்.

"ஏஞ்சாமி, பீஸ் போட்டோ எடுக்கறதுக்கு போன்ல இருக்கற எல்லாத்தையும் எதுக்குக் கேக்குது?"

"அது எல்லா ஆப்பும் கேக்கறதுதானுங்கப்பா. அமுத்தி உடுங்க."

"அந்தக் கடன் ஆப்புக்காரனும் இப்படித்தான் கேட்டானாமா."

அப்பாவுக்கு மேனிஃபெஸ்ட் தெரியாது. ஆனால் அவர் சொன்னது மிகச் சரியான உதாரணம்.

ஐந்து நிமிஷத்தில் கடன் என்று சொல்லி வந்த ஆப்கள் கொரோனா ஊரடங்குக் காலத்தில் பெருகின. கடன் கொடுக்கும் முன்பே தொடர்பு எண்கள், படங்கள், கேமரா எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கிக்கொள்ளும். தவணை தவறினால் போனில் இருந்து எடுத்த எண்களுக்கெல்லாம் அழைப்பு போகும். கடன் வாங்கியவரின் படத்தை ஆபாசமாக மாற்றி உறவினர்களுக்கு அனுப்பிய சம்பவங்களும் நடந்தன. அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் உண்டு. 2020 டிசம்பரில் ஹைதராபாத் போலீஸ் இதில் பலரைக் கைது செய்தது. அதே மாதம் ரிசர்வ் வங்கி மக்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. 2021 ஜனவரியில் ஒரு குழு போட்டது. அந்த நவம்பரில் வெளிவந்த அறிக்கை, இந்தியாவில் கிடைத்த சுமார் 1,100 கடன் ஆப்களில் 600 வரை சட்டவிரோதமானவை என்றது.

2022 செப்டம்பர் 2ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட டிஜிட்டல் கடன் வழிகாட்டுதலைப் ப்ரோக்ராமர்கள் ஒருமுறை படிக்க வேண்டும். கடன் ஆப்கள் போனின் ஃபைல்கள், மீடியா, தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு இவற்றைத் தொடக்கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் போன்றவற்றை வாடிக்கையாளரைச் சேர்ப்பதற்கும் அடையாளச் சரிபார்ப்புக்கும் மட்டும், ஒரே ஒரு முறை, வெளிப்படையான சம்மதத்தோடு பயன்படுத்தலாம். 2025 மே மாத நெறிமுறைகளிலும் இதே கட்டுப்பாடு தொடர்ந்தது. கூகுளும் தன் பங்குக்கு, 2023 மே 31 முதல் தனிநபர் கடன் ஆப்கள் படங்களையும் தொடர்பு எண்களையும் தொடக்கூடாது என்று பிளே ஸ்டோரில் தடை போட்டது.

கவனியுங்கள். அந்தக் கடன் ஆப்கள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. சோமனூர்ப் பையன் காப்பி அடித்தானே, அதே மாதிரி வரிகளை எழுதி, அதே பெட்டியைக் காட்டி, முறைப்படி அனுமதி வாங்கித்தான் உள்ளே போயின. பையனின் எண்ணம் நல்லது, அவர்கள் எண்ணம் கெட்டது. ஆனால் பெட்டியில் எண்ணம் தெரியாது. அப்பாவுக்கு இரண்டும் ஒரே பெட்டிதான்.

நல்லவன் கையில் சாவி இருந்தால் பரவாயில்லையா?

"நான் எதையும் திருடப் போவதில்லையே, அனுமதி இருந்தால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். இதற்கு 2019லேயே இரண்டு பதில்கள் கிடைத்துவிட்டன.

முதலாவது கேம்ஸ்கேனர். பில், சீட்டு, சான்றிதழ் எதையும் போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கித் தரும் ஆப். நம் ஊரில் அதை வைத்திருக்காத மாணவர் குறைவு. உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேல் டவுன்லோடு ஆனது. 2019 ஆகஸ்டில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதற்குள் தீங்கான நிரல் ஒன்றைக் கண்டுபிடித்தது. அது இருந்தது விளம்பரம் காட்டுவதற்காகச் சேர்த்திருந்த வெளியார் லைப்ரரிக்குள். கூகுள் அந்த ஆப்பை அப்போது பிளே ஸ்டோரில் இருந்து தூக்கியது. (2020 ஜூன் 29ல் இந்திய அரசு தடை செய்த 59 சீன ஆப்களில் இதுவும் உண்டு. அந்தத் தடைக்குச் சொன்ன காரணம் வேறு.) பாடம் என்னவென்றால், ஆப்புக்குக் கொடுத்த அனுமதி அதற்குள் இருக்கும் எல்லா லைப்ரரிக்கும் கொடுத்த அனுமதிதான். விளம்பரத்துக்கு ஒன்று, கிராஷ் ரிப்போர்ட்டுக்கு ஒன்று என்று நான்கைச் சேர்த்தால், அப்பா கொடுத்த சாவி நாலு பேர் கையில்.

இரண்டாவது இன்னும் சுவாரசியம். செக்மார்க்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் கூகுளின் பிக்சல் போன் கேமரா ஆப்பில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, அது சரி செய்யப்பட்ட பிறகு 2019 நவம்பரில் விவரத்தை வெளியிட்டது. சாம்சங் கேமராவிலும் அதே பிரச்சினை இருந்தது. பரிசோதனைக்கு அவர்கள் எழுதியது ஒரு சாதாரண வானிலை ஆப். கேமரா அனுமதியே கேட்காது. ஸ்டோரேஜ் அனுமதி மட்டும்தான். ஆனால் அது போனில் இருக்கும் கேமரா ஆப்பையே ஏவி, பயனருக்குத் தெரியாமல் படமும் வீடியோவும் எடுக்க வைத்தது. எடுத்ததெல்லாம் பொது ஸ்டோரேஜில்தானே விழும்? அங்கிருந்து எடுத்துக்கொண்டது. படத்துக்குள் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரத்தை வைத்து ஆள் எங்கெங்கே போனார் என்பதையும் அறிய முடிந்தது.

கேமராவும் ஸ்டோரேஜும் தனித்தனி அறைகள் இல்லை, நடுவில் கதவு இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆண்ட்ராய்டு பூட்டிக்கொண்டே வந்த கதை

இந்தச் சம்பவங்களை மனதில் வைத்துக்கொண்டு ஆண்ட்ராய்டின் மாற்றங்களைப் பார்த்தால், 'ஏன் வருஷா வருஷம் மாற்றி உயிரை வாங்குகிறார்கள்' என்ற எரிச்சல் கொஞ்சம் குறையும்.

2019, ஆண்ட்ராய்டு 10: பொது ஸ்டோரேஜ் முழுவதும் எல்லாருக்கும் என்ற காலம் முடியத் தொடங்கியது. ஒவ்வொரு ஆப்புக்கும் தன் இடம், தான் உருவாக்கிய படம், அவ்வளவுதான். படத்துக்குள் இருக்கும் இருப்பிட விவரத்தைப் படிக்கவும் தனி அனுமதி வந்தது.

2020, ஆண்ட்ராய்டு 11: புதிய ஆப்களுக்கு இது கட்டாயம். 'இந்த முறை மட்டும்' என்ற பட்டன் வந்தது. பயனர் இரண்டு முறை மறுத்துவிட்டால் பெட்டி திரும்ப வராது. பல மாதம் தொடாத ஆப்பின் அனுமதிகள் தானாகப் பறிபோகும்.

2021, ஆண்ட்ராய்டு 12: கேமராவோ மைக்கோ ஓடினால் திரை மூலையில் பச்சை அடையாளம்.

2022, ஆண்ட்ராய்டு 13: படம், வீடியோ, ஆடியோ மூன்றுக்கும் தனித்தனி அனுமதி. பழைய ஸ்டோரேஜ் அனுமதி புதிய ஆப்களில் செல்லாது. கூடவே போட்டோ பிக்கர் வந்தது.

2023, ஆண்ட்ராய்டு 14: 'தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்' என்ற வசதி.

எல்லாம் ஒரே திசையில் போவது தெரிகிறதா? பீரோ சாவியைக் கேட்காதே, வேண்டிய சட்டையை மட்டும் கேள். எப்போதாவது ஒரு படம் தேவைப்படும் ஆப்கள் முழு கேலரி அனுமதி கேட்கக்கூடாது, பிக்கரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கூகுள் பிளே 2025ல் கண்டிப்பாகவே சொல்லிவிட்டது.

அப்படியானால் எப்படி எழுதுவது?

சோமனூர்ப் பையனின் ஆப்புக்கு வருவோம். அவனுக்கு இதில் எந்த அனுமதியும் தேவையில்லை. ஒன்றுகூட.

படம் எடுக்க: போனில் ஏற்கெனவே கேமரா ஆப் இருக்கிறது. 'ஒரு படம் எடுத்து இந்த இடத்தில் போடு' என்று அதனிடம் இன்டென்ட் மூலம் வேலையை ஒப்படைக்கலாம். படம் எடுப்பது அப்பா, எடுத்துக் கொடுப்பது கேமரா ஆப். நம் ஆப் கேமராவைத் தொடுவதே இல்லை, அதனால் அனுமதி தேவையில்லை. இதில் மாட்டிக்கொள்கிற இடங்கள் நான்கு.

ஒன்று, எந்த இடத்தில் போட வேண்டும் என்று சொல்லாவிட்டால் தபால்தலை அளவுக்குச் சின்னப் படம்தான் திரும்பி வரும். அதில் அறுந்த இழை எங்கே தெரியப் போகிறது? ஆதாரமே போச்சு.

இரண்டு, அந்த இடத்தை நேரடி ஃபைல் முகவரியாகக் கொடுக்கக்கூடாது. ஆண்ட்ராய்டு 7 (2016) முதல் அப்படிக் கொடுத்தால் ஆப் கிராஷ் ஆகும். ஃபைல் ப்ரொவைடர் வழியாக, அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் தற்காலிகமாகக் கதவைத் திறக்க வேண்டும்.

மூன்று, வேடிக்கையானது. கேமரா அனுமதி வேண்டும் என்று மேனிஃபெஸ்ட்டில் எழுதிவிட்டு, பயனர் அதை மறுத்திருந்தால், இந்த இன்டென்ட்டும் வேலை செய்யாது. எழுதாமலே இருந்தால் வேலை செய்யும்! "என் மேனிஃபெஸ்ட்டில் அந்த வரியே இல்லையே" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள், சேர்த்த லைப்ரரிகளில் ஏதாவது ஒன்று அதை நுழைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் எல்லாம் கலந்த பிறகு வரும் மேனிஃபெஸ்ட்டைத் தனியாகப் பார்க்கும் வசதி உண்டு. தேவையில்லாத வரியை அங்கே கண்டுபிடித்து நீக்கச் சொல்லலாம்.

நான்கு, ராம் குறைவான போன்களில் கேமரா திறந்ததும் பின்னால் இருக்கும் நம் ஆப்பை சிஸ்டம் கொன்றுவிடும். திரும்பி வரும்போது படத்தை எங்கே வைக்கச் சொன்னோம் என்பதே மறந்திருக்கும். அந்த முகவரியை முன்பே பத்திரப்படுத்தாவிட்டால் "ரெண்டு தடவ எடுத்தேன், காணமே" என்று அப்பா சொல்வார். காலேஜ் லேபில் இருக்கும் புது போனில் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது.

பழைய படத்தை எடுக்க: டெலிவரி சீட்டு வாட்ஸ்அப்பில் வந்திருந்தால், போட்டோ பிக்கரைத் திறந்தால் போதும். கேலரி முழுவதையும் அப்பா பார்ப்பார். ஆப்புக்குத் தெரிவது அவர் தொட்ட ஒரே படம். இதற்கும் அனுமதி தேவையில்லை.

சேமிக்க: இங்கேதான் உண்மையாகவே யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. ஆப்புக்கென்று ஒதுக்கிய தனி இடத்தில் வைக்க 2013ல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 முதலே அனுமதி தேவையில்லை. வேறு ஆப்கள் எட்டிப் பார்ப்பதும் கஷ்டம். ஆனால் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் அந்த இடமும் சேர்ந்து அழிந்துவிடும். போனில் இடம் இல்லை என்று யாரோ ஆப்பை நீக்கினால் ஆறு மாச ஆதாரம் ஒரே நொடியில் காலி. கூகுள் தானாக பேக்கப் எடுக்குமே என்று நம்பவும் முடியாது. ஒரு ஆப்புக்கு அதில் கிடைப்பது 25 எம்பி. படம் ஒன்று 3 எம்பி என்றால் எட்டுப் படம்தான். அளவு தாண்டினால் பேக்கப்பே நின்றுவிடும்.

சரி, பொது இடத்தில் வைக்கலாமா? ஆண்ட்ராய்டு 10 முதல் மீடியா ஸ்டோர் வழியாகப் படங்கள் ஃபோல்டரில் புதிதாக ஒரு படத்தை வைக்க அனுமதி தேவையில்லை. ஆப் போனாலும் படம் இருக்கும். ஆனால் கேலரியில் குடும்பப் படங்களோடு கலந்து நிற்கும், யாராவது தெரியாமல் அழிக்கலாம். ஆப்பைத் திரும்ப இன்ஸ்டால் செய்தால், தான் முன்பு வைத்த படத்தையே 'இது உன்னுடையது இல்லை' என்று சிஸ்டம் சொல்லும். ஆண்ட்ராய்டு 9க்கும் அதற்கு முந்தைய போன்களுக்கும் எழுதும் அனுமதி வேண்டும். அதை அந்தப் பழைய போன்களில் மட்டும் கேட்கும்படி மேனிஃபெஸ்ட்டில் உச்ச வரம்பு போட்டு எழுதலாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அன்றாடப் படங்கள் ஆப்பின் தனி இடத்தில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை 'பேக்கப் எடு' என்ற பட்டனை அமுக்கினால், எங்கே வைக்க வேண்டும் என்று சிஸ்டமே கேட்கும். அப்பா மெமரி கார்டையோ கூகுள் டிரைவையோ காட்டினால், எல்லாம் ஒரே ஃபைலாகக் கட்டி அங்கே போய் உட்காரும். ஆப்புக்குக் கிடைப்பது அவர் காட்டிய அந்த ஃபைல் மட்டும். சாவி அவரிடமே.

ஒன்று சேர்த்துச் சொன்னால், அனுமதி கேட்காமல் எழுதுவது கொஞ்சம் கூடுதல் வேலைதான். மூன்று வரி காப்பி அடிப்பதை விட ஒரு வாரம் அதிகம் பிடிக்கும். அந்த ஒரு வாரத்தை ப்ரோக்ராமர் செலவழிக்கிறாரா, இல்லை அந்த ஆபத்தைப் பயனர் தலையில் கட்டுகிறாரா என்பதுதான் கேள்வி. டெட்லைன் நெருங்கும்போது பெரும்பாலும் பயனர் தலைதான் கிடைக்கிறது.

நிஜமாகவே கேமரா வேண்டும் என்றால்

சில ஆப்களுக்கு உண்மையிலேயே கேமரா தேவை. துணி மேல் அளவுக்கோடு காட்டிக்கொண்டே படம் எடுக்க வேண்டும் என்றால் ஆப்புக்குள்ளேயே கேமரா ஓட வேண்டும். அப்போது அனுமதி கேட்பது தப்பே இல்லை. (வெறும் டார்ச் எரிய வைக்கவும், க்யூஆர் கோடு படிக்கவும் கேமரா அனுமதி இல்லாத வழிகள் இருக்கின்றன.)

ஆனால் கேட்கும் நேரம் முக்கியம். ஆப் திறந்ததும் வாசலில் நிறுத்திக் கேட்கக்கூடாது. அவர் கேமரா பட்டனைத் தொட்ட பிறகு கேட்டால், எதற்கென்று அவருக்கே புரியும். சிஸ்டம் பெட்டி வருவதற்கு முன் நல்ல தமிழில் ஒரு வரி சொல்லலாம். "துணியின் மேல் அளவுக்கோடு காட்டுவதற்காக மட்டும் கேமரா தேவை. நீங்கள் இந்தப் பக்கத்தை மூடியதும் கேமரா நின்றுவிடும்." அவர் மறுத்தால் ஆப்பை மூடிவிடக்கூடாது. அளவுக்கோடு இல்லாமல் சாதாரண கேமரா வழியை விட வேண்டும். இரண்டு முறைதான் வாய்ப்பு என்பது நினைவிருக்கட்டும்.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு அருமையான உதாரணம் உண்டு. போன் வழியாக மருத்துவ ஆலோசனை தரும் ஆப் ஒன்று, ஆலோசனைக்கான தகவலோடு தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது. பயனர் இரண்டுக்கும் சரி என்கிறார். ஆனாலும் ஆலோசனைக்குத் தொடர்புப் பட்டியல் தேவையில்லை என்பதால், அவருடைய சம்மதம் ஆலோசனைக்கு மட்டும்தான் செல்லும். அதாவது 'அவரே அனுமதி கொடுத்தார்' என்பது இனி முழுப் பதில் ஆகாது. சம்மதம் கேட்கும் வாசகத்தை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும். தமிழும் அதில் ஒன்று. இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். இன்று ப்ராஜெக்ட் செய்கிறவர்கள் வேலைக்குப் போகும்போது இதுதான் நடைமுறையாக இருக்கும்.

ப்ராஜெக்ட் வைவாவில் "எத்தனை வசதிகள் இருக்கின்றன?" என்றுதான் கேட்பார்கள். "எத்தனை அனுமதி கேட்கிறது?" என்று கேட்பவரைப் பார்ப்பது அபூர்வம். கேட்டால், மேனிஃபெஸ்ட்டைத் திறந்து ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். காரணம் சொல்ல முடியாத வரியை அழித்துவிட்டு ஆப்பை ஓட்டிப் பாருங்கள். பல நேரம் எதுவும் உடையாது.

டிஸ்கி: ப்ரோக்ராமர் அல்லாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. போனில் செட்டிங்ஸ் போய், பிரைவசி பகுதியில் பர்மிஷன் மேனேஜர் என்பதைத் திறந்து (சில போன்களில் வேறு இடத்தில் இருக்கும்), கேமரா என்பதைத் தொடுங்கள். இதுவரை யார் யாருக்குச் சாவி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியல் வரும். பிறகு படங்கள் என்பதையும் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் போனையும் வாங்கி ஒரு தரம் பார்த்துவிடுவது நல்லது. அங்கேதான் பட்டியல் நீளமாக இருக்கும்.